பூனைக்குப் போட்ட வார்த்தைகள்

சபுரா டீச்சரின் எண்ணிலிருந்துதான் அந்த அழைப்பு வந்தது. நான் அப்போது ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் ஒன்றைப் பதிப்பிக்கப் போட்டுவிட்டு, திரையில் நகர மறுத்த பச்சைக் கோட்டை முறைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடு முக்கால்வாசியில் நின்றுவிட்டால் எனக்குப் பித்தம் தலைக்கேறும் என்பது என்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். போனை எடுத்ததுமே, "என்ன டீச்சர், செத்த நேரம் பொறுக்க மாட்டீங்களா? ஏறிக்கிட்டுத்தானே இருக்கு!" என்று எரிந்து விழுந்தேன். மறுமுனையில் அவருடைய கணவர் ரஜாக் பாயின் குரல் கேட்டது. "நாந்தான் சார் பேசுறேன். அவ மவுத்தாயிட்டா சார். நெஞ்சு வலிக்குதுன்னா. அறந்தாங்கிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பச்சைக் கோடு முழுதாக ஓடி முடிந்திருந்தது. பாடம் தானாகவே ஓடத் தொடங்கியது. "வணக்கம் பிள்ளைகளே" என்று டீச்சர் பேசினார். நான் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கினேன். மடிக்கணினிக்கு ஒயரைப் பிடுங்கினால் நிற்குமா? அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருந்தது. கடைசியில் மூடியை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்து நின்றேன்.

நம் மாவட்டத்துப் பள்ளிகளில் அறிவியல் பாடம் நடத்துகிறவர்கள் பலருக்கு அவருடைய முகம் தெரியாது, குரல் தெரியும். திரையில் ஒரு படம் வரும், அதற்கு ஒரு பேச்சு வரும், படம் மாறும், பேச்சும் மாறும். அந்தப் பேச்சுதான் சபுரா டீச்சர். கோட்டைப்பட்டினத்துக்காரர். கடலோரத்துப் பள்ளியில் அறிவியல் நடத்திக்கொண்டிருந்தவரைப் பாடத் தயாரிப்புக்கென்று புதுக்கோட்டைக்கு அனுப்பினார்கள். இலுப்பூர்ப் பக்கத்துப் பள்ளியில் கணினி நடத்திக்கொண்டிருந்த என்னையும் அனுப்பினார்கள். அவர் ஸ்லைடுகளுக்குப் பேசுவார். நான் அதைப் பதிந்து, கோர்த்து, பள்ளிகளுக்கு ஏற்றுவேன். இரண்டு பேருக்கும் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. யார் புண்ணியத்தில் எங்களை ஓர் அறைக்குள் போட்டார்களோ தெரியவில்லை.

அறை என்றா சொன்னேன்? பழைய கட்டடத்தின் பின்பக்கத்து முடுக்கு அது. எதிரே கல்யாண மண்டபம். முகூர்த்த நாளென்றால் காலையிலேயே ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். எதிரொலி கேட்காமல் இருக்கச் சுவர் நெடுகிலும் ஜமக்காளம் தொங்கவிட்டிருந்தோம். சார்ஜரைச் செருகினால் பதிவில் 'ங்ங்ங்' என்று ஓர் இரைச்சல் வரும், அதனால் பேட்டரியில்தான் பதிவு. பேட்டரி இறங்க இறங்க அவர் பேச்சு வேகமெடுக்கும். "டீச்சர், ஒளிச்சேர்க்கைய எக்ஸ்பிரஸ் பஸ்ஸுல ஏத்திட்டீங்க" என்பேன். "ஒங்க டப்பா படுத்துருச்சுன்னா மறுபடி மொதல்லேர்ந்து யாரு பேசுறது? ஒங்க மாமியாரா?" என்பார்.

முதல் நாளே சண்டை. அவர் ஒரு பாடம் முழுக்கப் பேசி முடித்துவிட்டார். போட்டுக் கேட்டால் படம் மட்டும் ஓடுகிறது, சத்தமில்லை. ஸ்பீக்கரைத் தட்டினேன். ஒயரை மாற்றினேன். அமைப்புகள் என்று இருக்கிற எல்லாக் கதவையும் திறந்து மூடினேன். கணினியை அணைத்துப் போட்டேன். மென்பொருளை எழுதியவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். டீச்சர் அவித்த கடலையை உரித்துத் தின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். "சார், சத்தம் வரலேன்னா மொதல்ல நாம பேசுனது உள்ள போச்சான்னு பாருங்க. ஊமையப் புடிச்சு ஏன் பாடலேன்னு அடிக்கிறீங்களே" என்றார். மைக்கின் கழுத்தில் இருந்த சின்ன சுவிட்ச் அணைந்தே இருந்தது. போட வேண்டியது யார் என்று அன்று மாலைவரை வாதாடினோம். முடிவுக்கு வரவில்லை.

அவருக்கு இன்னொரு பிடிவாதம் உண்டு. பாடத்தை ஏற்றிய பிறகு எங்காவது ஒரு பள்ளியில் அது ஓடுவதைக் கேட்காமல் ஓயமாட்டார். தெரிந்த டீச்சர் யாரையாவது போனில் பிடித்து, "ஒங்க ஸ்பீக்கர்கிட்ட போனைக் கொண்டுபோய்ப் பிடிங்க" என்பார். இங்கே கேட்டது போதாதா என்று நான் சலித்துக்கொள்வேன். "நாம ஹெட்போன்ல கேக்குறோம் சார். புள்ளைங்க ஓட்ட ஸ்பீக்கர்லதானே கேக்குதுங்க" என்பார். போனில் கரகரவென்று வருவதைக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சரி, போவலாம்" என்ற பிறகுதான் நான் பையை எடுக்க முடியும். எத்தனையோ நாள் இலுப்பூர் பஸ்ஸைத் தவறவிட்டு அவரைச் சபித்திருக்கிறேன்.

பாம்புப் பாடத்தை நம் ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'எல்லாப் பாம்புகளும் விஷமுள்ளவை அல்ல' என்று ஒரு ஸ்லைடில் டீச்சர் பேசியிருந்தார். பதிவில் சரியாகத்தான் இருந்தது. பதிப்பித்து ஏற்றியபோது அந்தப் பாழாய்ப்போன மென்பொருள், படம் மாறுகிற அவசரத்தில் முதல் வார்த்தையை விழுங்கிவிட்டது. அன்றைக்கென்று ஏற்றி முடித்ததும் கரண்டு போய் எங்கள் போன்களும் படுத்துவிட்டன, யாருக்கும் போன் போட்டுக் கேட்கவும் இல்லை. மறுநாள் இலுப்பூர்ப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் அழைத்தார். "சார், பாம்புகளும் விஷமுள்ளவை அல்லன்னு வருது. வயக்காட்டுல திரியிற புள்ளைங்க சார் இதுக. என்ன சார் போட்டு அனுப்புறீங்க?" என்றார்.

நான் பாடத்தை இறக்கி, சரிசெய்து ஏற்றுகிற வேலையில் இறங்கினேன். டீச்சருக்கு அது போதவில்லை. "கேட்ட புள்ளைங்க காதுலேர்ந்து எப்புடி சார் எறக்குவீங்க?" என்று கேட்டுவிட்டுக் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். அந்தப் பள்ளியில் வகுப்பு வகுப்பாகப் போய் நின்று, "அந்தப் பாடத்துல பேசுன டீச்சர் நாந்தான். அது தப்பு. பாம்பப் பாத்தா தள்ளி நில்லுங்க" என்று சொல்லியிருக்கிறார். பாடம் ஓடிய மற்ற பள்ளிகளுக்கெல்லாம் போகிற வழியிலேயே போனில் சொன்னார். திரும்பி வந்தபோது முகம் கறுத்துப்போயிருந்தது. "மென்பொருள்மேல தப்பு, நீங்க ஏன் அலையிறீங்க" என்றேன். "மென்பொருளப் பாம்பு கடிக்காதுல்ல" என்றார்.

இந்த விழுங்கல் வியாதிக்கு நான் பார்க்காத வைத்தியம் இல்லை. படம் மாறும் வேகத்தைக் குறைத்தேன், முன்னால் வெற்றிடம் விட்டுப் பார்த்தேன். வெற்றிடத்தை அது சீந்தவே இல்லை. எங்கே பேச்சு தொடங்குகிறதோ அங்கே சரியாக ஒரு வாய் கவ்வியது, சில நேரம் ஒரு வார்த்தை, சில நேரம் ஒரு வரி. டீச்சர்தான் வழி கண்டார். "எங்க வீட்ல மீன் ஆயும்போது பூனை காலச் சுத்திக்கிட்டே நிக்கும் சார். மொதல்ல ஒரு தலையத் தூக்கிப் போட்டுட்டா அது அங்கிட்டுப் போயிரும், நாம நிம்மதியா ஆயலாம். இதுக்கும் ஒண்ணு போட்டுருவோம்" என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்லைடுக்கும் முதலில் சும்மா ஏதாவது சொல்வார், கொஞ்சம் நிறுத்துவார், பிறகு பாடத்தைத் தொடங்குவார். சும்மா சொன்னதை மென்பொருள் விழுங்கிக்கொள்ளும். பாடம் முழுசாகப் பள்ளிக்குப் போய்விடும். அதற்குப் 'பூனைப் பங்கு' என்று பெயர் வைத்தோம். என்ன சொன்னார் என்று நான் காது கொடுத்ததில்லை. அவர் பேசும் நேரத்தில் நான் பெரும்பாலும் வெளியே நின்று போனில் யாருடனாவது மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

கோட்டைப்பட்டினத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது அடக்கத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். தெரு அடைத்துச் சனம். அவர் பாடம் நடத்திய பிள்ளைகள், வலையை அப்படியே போட்டுவிட்டு வந்த ஆட்கள், அவித்த கடலை விற்கிற அம்மா என்று எல்லோரும் நின்றார்கள். ரஜாக் பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கடற்கரைப் பக்கம் போனேன், திரும்ப வந்தேன், மறுபடி போனேன். எல்லாம் முடிந்து பஸ் ஏறியபோது ஊரைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது. புதுக்கோட்டை வந்ததும் திரும்பவும் அங்கேயே போய்விடலாமா என்றிருந்தது. இன்றுவரை எனக்கு அப்படித்தான் இருக்கிறது.

அந்த வாரமே மேலிடத்து உத்தரவு வந்தது. பழைய மென்பொருள் இனி ஓடாது, எல்லாப் பாடங்களையும் புதிய பதிப்புக்கு மாற்றி மறுபடி ஏற்ற வேண்டும், ஏற்றாதவை நீக்கப்படும். நான் மாற்றினேன். வரிசையாகப் போட்டு வரிசையாக ஏற்றினேன். ஒன்றைக்கூடக் கேட்டுப் பார்க்கவில்லை. அந்தக் குரலைக் கேட்கிற தெம்பு எனக்கில்லை. ஸ்பீக்கரின் கழுத்தைத் திருகி வைத்துவிட்டுத்தான் வேலையைச் செய்தேன்.

ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து ஒரு தலைமையாசிரியை முதலில் கூப்பிட்டார். "சார், எலை ஏன் மஞ்சளாகுதுன்னு சொல்றதுக்கு முன்னாடி, 'அய்யய்யோ, கேஸை அணைச்சேனா இல்லையா'ன்னு ஒரு கொரலு கேக்குது. அதுவும் நம்ம சபுரா டீச்சர் கொரலுதான். புள்ளைங்க விழுந்து விழுந்து சிரிக்குதுங்க. எனக்குச் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல சார்" என்றார். எனக்கு விளங்கிவிட்டது. புதிய பதிப்பில் அந்த வியாதியைக் குணமாக்கிவிட்டிருந்தார்கள். அது இப்போது எதையும் விழுங்குவதில்லை. டீச்சர் பூனைக்குப் போட்டதெல்லாம், ஒவ்வொரு பாடத்திலும், ஒவ்வொரு ஸ்லைடிலும், மாவட்டம் முழுக்க ஒலித்துக்கொண்டிருந்தது.

மேலதிகாரி கூப்பிட்டுவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது. "செத்தவங்களத் தப்பா சொல்லல சார். ஆனா, ரத்த ஓட்டத்துக்கு நடுவுல 'கருவாடு காயப் போடல'ன்னு வந்தா பேரண்ட்ஸ் என்ன நெனைப்பாங்க? விடுங்க, வேற டீச்சரை வச்சு எல்லாத்தையும் புதுசாப் பேசிருங்க. பழச எடுத்துருவோம்" என்றார். எடுத்துருவோம்! எனக்கு உள்ளே எங்கோ பற்றிக்கொண்டது. "எடுக்கக் கூடாது சார்" என்று கத்தினேன். அலுவலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு குரலை இறக்கி, "திங்கக்கெழம வரைக்கும் விடுங்க. தேவையில்லாததப் பூராம் நான் வெட்டித் தர்றேன். பாடம் அவங்க கொரல்லயே இருக்கட்டும்" என்று கெஞ்சினேன். சரி, திங்கட்கிழமை ஒரு சத்தம் அதிகமாகக் கேட்டாலும் புதுக் குரல்தான் என்று சொல்லி அனுப்பினார்.

வெட்டுவது பெரிய வித்தை இல்லை. பேச்சு திரையில் மேடுமேடாகத் தெரியும், மௌனம் தட்டைக் கோடாகத் தெரியும். டீச்சர் பங்கு போட்டுவிட்டு ஒழுங்காக நிறுத்துவார் என்பதால் முன்னால் ஒரு சின்ன மேடு, பிறகு தட்டை, அதன்பின் பாடம். சின்ன மேட்டை அழித்தால் தீர்ந்தது. ஆனால் கேட்காமல் வெட்டினால் பாடமும் சேர்ந்து போய்விடும். ஆக, நான் ஓடி ஒளிந்த அந்தக் குரலை, ஒவ்வொரு மேடாக, ஹெட்போனில் கேட்டே தீரவேண்டியதாயிற்று. "டீ ஆறுது." வெட்டு. "வெயிலு கொல்லுது." வெட்டு. "பிஸ்மில்லா." வெட்டு. "சார் வெளிய யாரோடயோ சண்ட போடுறாரு." வெட்டு. "சார் இன்னம் சண்டதான் போடுறாரு." எழுந்து வெளியே போய் ஒரு நடை நடந்துவிட்டு வந்து அதையும் வெட்டினேன்.

சனிக்கிழமை ரஜாக் பாய் வந்தார். டீச்சர் வீட்டில் வைத்திருந்த அலுவலக மடிக்கணினியை ஒப்படைக்க வந்தவர், என்ன செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் ஹெட்போனைக் கழற்றி, ஸ்பீக்கரில் விட்டேன். கருவாட்டுக்குச் சிரித்தார். கேஸுக்குச் சிரித்தார். "வீட்லயும் இதே பொலம்பல்தான் சார்" என்றார். அடுத்த மேட்டில், "மச்சானுக்கு மாத்தர தீந்திருக்கும்" என்று வந்தது. வீட்டில் பாயை அவர் அழைப்பது அப்படித்தான், பாயின் சர்க்கரை மாத்திரை. பாய் சுவரில் தொங்கிய ஜமக்காளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் சவூதியில இருந்தப்பப் பூராம் போன்லதான் சார் இந்தக் கொரல். இங்கிட்டு வந்து நேர்ல கேட்டது கொஞ்ச நாளுதான்" என்றார்.

"பாய், இத வெட்ட என்னால ஆவாது. இப்புடியே இருக்கட்டும், என்ன வந்தாலும் நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர், "வெட்டுங்க சார்" என்றார். "பாம்புக்காக அவ இலுப்பூருக்கு ஓடுனது ஒங்களுக்குத் தெரியாதா? புள்ளைங்களுக்குப் பாடம் சுத்தமாப் போய்ச் சேரணும், அவளுக்கு அதான். நம்ம ஆசைக்கு அதுல எதையும் வைக்கப்படாது." நான் வெட்டினேன். அவர் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். வெட்டியவற்றைத் தனியாகச் சேர்த்துத் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இதைக் கேட்டதே போதும் என்று சொல்லிவிட்டார்.

எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று நின்றது. 'காற்று' என்கிற பாடத்தில் ஒரு ஸ்லைடு. அந்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. நான் வெயிலில் அலைந்துவிட்டு அறைக்குள் வந்து, அவர் பேசத் தொடங்கியதுகூடத் தெரியாமல் ஃபேனைப் போட்டுவிட்டேன். அவருக்கு வந்ததே கோபம். பங்குக்கும் பாடத்துக்கும் நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில், "ஃபேன நிறுத்துங்க சார் காற்று நம் கண்ணுக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். நடுவில் தட்டையே இல்லை, எல்லாம் ஒரே மேடு. 'சார்' வரைக்கும் வெட்டினால் 'காற்று' பாதியில் அறுந்துபோகிறது. வேறு ஸ்லைடிலிருந்து ஒரு 'காற்று' எடுத்து ஒட்டிப் பார்த்தேன். இதில் பின்னணியில் ஃபேன் இரைகிறது, அதில் இல்லை. வெள்ளைச் சட்டையில் கறுப்புத் துணி வைத்து ஒட்டுப் போட்டதுபோல் துருத்திக்கொண்டு நின்றது. என்னென்னவோ செய்தும் முடியவில்லை. பாயும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

திங்கட்கிழமை மேலதிகாரி சில பாடங்களைப் போட்டுக் கேட்டார். என் போதாத காலம், காற்றுப் பாடத்தையும் போட்டார். "ஃபேன நிறுத்துங்க சார்" என்று டீச்சர் அதட்டினார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "காத்துப் பாடம்ல சார். ஃபேன நிறுத்தச் சொல்லித்தான் ஆரம்பிக்கணும்" என்றேன். அவர் தலையாட்டினார். "நல்லா இருக்கே. செயல்வழிக் கற்றல்!" என்றார். பாடங்கள் அத்தனையும் டீச்சர் குரலிலேயே தங்கின. வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். சிரிப்பாகவும் வந்தது, அழுகையாகவும் வந்தது. இதைச் சொல்லிச் சிரிக்க வேண்டிய ஆள் இல்லையே என்ற நினைப்பு வந்ததும் அழுகைதான் மிஞ்சியது.

போன மாதம் கோட்டைப்பட்டினத்தில் அவர் வேலை பார்த்த பள்ளிக்குப் போனேன். ஏற்றிய பாடம் ஓட்டை ஸ்பீக்கரில் எப்படி இருக்கிறது என்று கேட்க இனி நான்தானே போகவேண்டும். நான் போன நேரம் காற்றுப் பாடம். நல்ல கோடை, கடற்கரை ஊர்ப் புழுக்கம். கடைசி பெஞ்சில் இடம் கொடுத்தார்கள். அந்த ஸ்லைடு வந்தது. "ஃபேன நிறுத்துங்க சார்" என்றதும், சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்த பெண் எழுந்து ஃபேனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. அவர்களுக்குப் பாடமே அப்படித்தான். இறக்கை சுற்றி ஓய்ந்து, அறை அடங்கி, டீச்சரின் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது.

அவர் என்னைப் பார்த்துச் சொன்னவற்றில் இந்த ஓர் அதட்டல்தான் பாடத்தில் மிஞ்சியிருக்கிறது. எனக்கென்று அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வதும் அதுதான். முதுகெல்லாம் வேர்த்து வழிந்தது. ஓரிடத்தில் உட்காரத் தெரியாத நான், பாடம் முடிகிறவரைக்கும் எழுந்திருக்கவில்லை.